ஞாயிறு: ஒன்றுமில்லை

தார்த்து நகரில் நவம்பர் வந்தால்
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
நாங்கள் மூன்று பேர், நாலாவது மாடி,
ஒரு குளியலறை, ஒரு முயல்.

முயலைக் கொண்டுவந்தவள் ரீன்,
பல்மருத்துவம் இரண்டாம் ஆண்டு.
"சாகும்வரை பல் வளரும் பிராணி" என்றாள்,
வேறு காரணம் வேண்டாம் என்பது போல.
ஹெர்னெஸ் என்று பெயர் வைத்தாள்.
எங்கள் மொழியில் பட்டாணி.
பட்டாணியை மட்டும் அது
முகர்ந்துகூடப் பார்த்ததில்லை.

நாய் என்றால் வாலைப் பார்க்கலாம்.
பூனை என்றால் தொண்டைக்குள் ஒரு மோட்டார் ஓடும்.
முயலிடம் எதைப் பார்ப்பது?
எந்நேரமும் அதற்கு ஒரே முகம்,
பரீட்சை அறைக்கு வெளியே நிற்பவனின் முகம்.

ஃப்ரிட்ஜ் கதவில் அட்டவணை ஒட்டினோம்.
உலர்புல் தானெல். மணல்தட்டு நான்.
கீழ்மூலையை ஹெர்னெஸ் தின்றுவிட்டது.
வாரக் கடைசி யாருடைய முறையென்று
அதன்பிறகு யாருக்கும் தெரியாது.

தின்றதில் இன்னும் சில:
சார்ஜர் இரண்டு.
வாடகை ஒப்பந்தத்தில் ஏழாம் பிரிவு
(வளர்ப்புப் பிராணிகள் கூடாது என்பது
அந்தப் பிரிவில்தான் இருந்தது).
என் நிலவியல் குறிப்பேட்டில்
சிலூரியக் காலம் முழுவதும்.

தானெல் அட்டைப்பெட்டியில் வீடு கட்டினான்,
இரண்டு வாசல் வைத்து.
ஒற்றை வாசல் என்றால் அது பொறி என்றான்.
வகுப்புக்குப் போகும்போது
வானொலியை மெல்ல ஓடவிட்டோம்.
வானிலை அறிக்கை அதற்குப் பிடித்திருக்கலாம்.
பிடிக்காமலும் இருக்கலாம்.

ஜனவரியில் ரீன் ஒரு பருவம் படிக்க
போர்ச்சுகல் கிளம்பினாள்.
திறந்த பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தது.
தூக்கி வெளியே வைத்தாள்.
ஏறியது.
தூக்கி வைத்தாள்.
பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

தினமும் அங்கிருந்து, பின்னால் வெயிலுடன், கேட்பாள்:
"சந்தோஷமா இருக்கா?"
"சாப்பிடுது."
"நான் அதைக் கேக்கல."

பிப்ரவரியில் கதவில் ஒரு கடிதம்.
கீழ்வீட்டு வால்துர், நகரப் பேருந்து ஓட்டுநர்,
கட்டம் போட்ட தாளில், பென்சிலில்:

செவ்வாய் 3.10. குதிக்கிறீர்கள்.
வியாழன் 2.50. குதித்து, ஓடி, மறுபடி குதிக்கிறீர்கள்.
சனி 3.10. அதே.
ஞாயிறு: ஒன்றுமில்லை.
ஐந்தரைக்கு நான் வண்டி எடுக்க வேண்டும்.

நாங்கள் தூங்குகிற நேரம் அது.
இருட்டு நடையில், யாரும் பாராதபோது,
தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்
காற்றிலேயே முறுக்கிக்கொண்டு...
கடிதத்தைப் படமெடுத்து ரீனுக்கு அனுப்பினேன்,
தேர்ச்சிச் சான்றிதழ் அனுப்புகிறவன் மாதிரி.
வெகுநேரம் கழித்து ஒரு வரி வந்தது:
"ஞாயிற்றுக்கிழமை என்ன ஆச்சு?"

திங்கள் எனக்குப் பரீட்சை.
நகம் தரையில் கிறீச்சிடுகிறதென்று
பத்து மணிக்கே கூண்டைத் தாழிட்டேன்.
பரீட்சையில் தேறிவிட்டேன்.

பழைய கம்பளம் ஒன்று, எட்டு யூரோ.
படியில் எதிர்ப்பட்ட வால்துர்
கேட்காமலே மறுமுனையைப் பிடித்தார்.
"எதற்கு?"
"முயலுக்கு."
ஒரு படி நின்றார்.
"முயலா," என்றார். பிறகு, "முயலா."
மூன்றாம் மாடி தாண்டி
நாலாம் மாடிவரை தூக்கிவந்தார்.

நேற்று தபால்பெட்டி அருகே,
என்னைப் பார்க்காமல்,
சாவியைத் தேடுகிறவர் போலக் கேட்டார்:
"ஒரு வாரமாகச் சத்தமே இல்லையே.
அதற்கு உடம்பு சரியில்லையா?"

மணி இப்போது மூன்று.
நடையில் படுத்திருக்கிறேன், விளக்கில்லை,
கம்பளத்தில் கன்னம்.
யாருடைய நாயோ வாழ்ந்த வாசனை.
கூண்டு திறந்துதான் இருக்கிறது.
பட்டாணி,
நான் பார்க்கவில்லை.
கண்ணை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன்.