துறைமுகத்தில் கேளுங்கள்

பெராமா கப்பல் பட்டறையில் என் வேலை
சங்கிலிகளைத் தட்டிப் பார்ப்பது.
சுத்தியலின் சின்ன முனையால், கண்ணி கண்ணியாக.
நல்ல இரும்பு நீளமாகப் பதில் சொல்லும்.
விரிசல் விட்டது
பாதிப் பேச்சை விழுங்கிவிடும்.

முழங்கால் அறுவைக்குப் பிறகு ஆறு வாரம் கட்டில்.
பைசாந்தியத்தைக் கேட்கலாம் என்று தோன்றியது.
ஆயிரத்துச் சொச்சம் வருஷம்,
ஆறு வாரத்துக்குத் தாங்கும்.

முதல் ஆள் வாளோசையோடு தொடங்கினார்.
பின்னால் முரசு, குதிரை, யாரோ ஒருத்தியின் ஓலம்.
கண் பிடுங்கப்பட்ட கைதிகளைப்
பக்கத்தில் நின்று எண்ணியவர் போலச் சொன்னார்.
அடுத்தவருக்கு எந்த அரசி வந்தாலும்
கையில் நஞ்சுக் கிண்ணம்.
மூன்றாமவருக்குத் தேன் குரல்.
இரண்டு நாள் நம்பினேன்.

அவர்தான் சொன்னார்:
பொற்கொம்பு வளைகுடாவின் வாயில்
கரைக்குக் கரை
கட்டிய நூல் போல் விறைப்பாக நின்றதாம் இரும்புச் சங்கிலி.
சிரித்தேன், தையல் வலித்தது.
பத்து மீட்டர் சங்கிலியே தொய்யும் ஐயா,
தன் எடையைத் தானே சுமக்க முடியாமல்.
அதோடு
அவர் சொன்ன மற்ற ஆண்டுகளிலும் துரு ஏறிவிட்டது.

கிரேன் ஓட்டும் அரிஸ்டிதிஸ் ஒரு பதிவு அனுப்பினான்.
யானினாவில் அவன் அக்கா படித்த காலத்து ஒலிநாடா.
முதல் சில நிமிடம் கூரையில் மழை மட்டும்.
பிறகு பேராசிரியை பொலிக்சேனி,
சளி பிடித்த குரலில்:
"போன வாரம் ஓர் ஆண்டைத் தப்பாகச் சொன்னேன்.
அடித்துவிட்டு எழுதுங்கள்."
பெஞ்சுகள் கிறீச்சிட்டன.
"இதை எழுதிய துறவி அப்போது ஊரிலேயே இல்லை."
"இதை ஒருவர்தான் சொல்கிறார்,
அவருக்கு அந்தப் பேரரசரைக் கண்டாலே ஆகாது."

தட்டிப் பார்த்தேன்.
நீளமாக ஒலித்தது.

ஒன்பதாவது நாடாவில் அதே சங்கிலி.
"மரமிதவைகள் தாங்கின என்கிறார்கள்.
இன்று காட்டப்படும் கண்ணிகள் அதனுடையவைதானா,
எனக்கு உறுதியில்லை."
பின்வரிசையிலிருந்து ஒரு பையன்:
நம் கப்பல் வந்தால் அதை எப்படித் தூக்குவார்கள்?

மழை.
மூக்கைச் சிந்தும் சத்தம்.
"தெரியாது.
துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்."

நிறுத்தினேன்.
அந்த மழை பெய்தபோது எனக்கு நான்கு வயது.

அறையில் யாரும் இல்லை.
ஜன்னலுக்கு வெளியே சலாமிஸுக்குப் போகும் படகு
வாயைத் திறந்து லாரிகளை விழுங்கிக்கொண்டிருந்தது.
சத்தமாகவே சொன்னேன்:
தூக்கவே வேண்டாம் அம்மா.
ஒரு முனையை அவிழ்த்தால் போதும்.
மிதவைதான் இருக்கிறதே,
ஒரு படகு இழுத்தால் கதவு போலத் திறக்கும்.
மூடுவதுதான் பாடு.
உருளை வேண்டும், ஆள் வேண்டும், மாடுகூட வேண்டியிருக்கும்.
எத்தனை என்று கணக்குப் போட
ஒரே ஒரு கண்ணியின் எடை கொடுங்கள்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டேன்:
நான் அந்தச் சங்கிலியைத் தொட்டதில்லை.
எழுதுவதானால்
'இப்படி இருந்திருக்கலாம்' என்று எழுதுங்கள்.

மறுபடி ஓடவிட்டேன்.
அவர் தும்மினார்.
"சரி," என்றார்,
"வரி வசூலுக்கு வருவோம்."