கோடு தாண்டிய எண்ணெய்

பாயா தெருபோங்கில் எங்கள் அடுக்ககம்
மலையின் முழங்காலில் நிற்கிறது.
கார் நிறுத்தும் தளமும் கொஞ்சம் சாய்வு.
என் கஞ்சில் சொட்டியது
என் கட்டத்தோடு நிற்கவில்லை.
மஞ்சள் கோட்டைத் தாண்டி
கூ ஆன்டியின் மோட்டார் நிற்கும் இடம் வரை
ஒரு கறுப்பு நாக்கு.

அவர் சண்டைக்கு வரவில்லை.
விடியுமுன் சீ சியோங் ஃபன் விற்கக் கிளம்பும்போது
சீனப் பத்திரிகையில் ஒரு தாளை விரித்து
மேலே கல் வைத்துவிட்டுப் போவார்.
எனக்கு அதில் படிக்கத் தெரிந்தது
தேதி மட்டும்.
ஒவ்வொரு நாளும் புதுத் தேதி.
திட்டியிருந்தால்
நானும் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

ஜெலுத்தோங் பட்டறைக்காரன்
டார்ச் அடித்தான், நாக்கைச் சப்பினான்.
கேம் ஷாஃப்ட் சீல், நானூற்று ஐம்பது.
பொருள் எவ்வளவு என்றேன்.
பதினோரு ரிங்கிட், மீதி என் கைக்கு.

கை என்னிடமும் இருக்கிறது.
பாயான் லெப்பாஸ் ஆலையில் பன்னிரண்டு ஆண்டு
மயிரைவிட மெல்லிய கம்பிகளை
நுண்நோக்கியில் பார்த்து
தேறும், தேறாது என்று பிரித்த கை.

இரவு வேலை முடிந்த ஞாயிறு.
தூங்கப் போகவில்லை.
ரைஸ் குக்கர் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
காருக்கடியில் தள்ளினேன்.
பெல்ட்டிலும் பல்சக்கரத்திலும்
மகளின் வெள்ளைத் திருத்தமையால் குறி வைத்தேன்.
ஒரு பல் பிசகினாலும்
எஞ்சின் மன்னிக்காது.

சக்கரத்தைக் கழற்றினால், அது:
குழந்தைக்குச் சுட்ட உளுந்து வடை அளவில்
ஒரு ரப்பர் வளையம்.
சின்னத் திருகாணியை அதில் ஏற்றி
குறட்டால் இழுத்தேன்.
ஆணி மட்டும் வந்தது.
மறுபடி. ஆணி.
நான்காம் தடவை பால்பல் மாதிரி
பொக்கென்று கையில் விழுந்தது.
நகத்தால் அழுத்தினேன், பள்ளம் விழவில்லை.
சுழலும் இரும்பை இருபது ஆண்டு
தொட்டும் தொடாமலும் பிடித்திருந்த உதடு
கல்லாகியிருந்தது.

புதியதற்கு எண்ணெய் தடவி
பாக்ஸ் ஸ்பேனர் குழலை வைத்துத் தட்டினேன்.
ஒரு பக்கம் முந்திக்கொண்டு ஓடியது,
மறுபக்கம் வரமாட்டேன் என்றது.
உதடு மடிந்தது.

அந்த நேரம் பார்த்து
காலிப் பாத்திரங்களோடு வந்திறங்கிய கூ ஆன்டி
குனிந்து எட்டிப் பார்த்தார்.
"போச்சோர்?"
மலாயில் ஒழுகல்.
என் காதில் விழுந்தது, போச்சு.
இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன்.

சீல் இரண்டாக வாங்கியிருந்தேன்.
என் கையைப் பற்றி எனக்குத் தெரியும்.

இந்த முறை அவசரமில்லை.
மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு,
இடம், வலம்,
விளிம்போடு விளிம்பு சேரும்வரை.
வெள்ளைக் குறிகளை ஒன்றுக்கொன்று காட்டி
பெல்ட்டை மாட்டினேன்.
சாவியைத் திருப்பும்போது
மூச்சு என்னிடம் இல்லை.
கிளம்பியது.

பதினைந்து நிமிடம் ஓடட்டும் என்று
டார்ச்சோடு அட்டையில் படுத்துக் கிடந்தேன்.
சும்மா கிடந்தால் சொற்கள் வரும்.
சொட்டுவதும் ஒழுகுதல்,
நெறியாய் நடப்பதும் ஒழுகுதல்.
என் காரையும் கூ ஆன்டியையும்
ஒரே வினைக்குள் வைத்த தமிழை
இந்த அழுக்குச் சட்டையோடு
கொஞ்ச நேரம் வியந்தேன்.

திங்கள், அட்டை காய்ந்திருந்தது.
செவ்வாயும்.
புதன் காலை வேலை முடிந்து வந்தேன்.
மஞ்சள் கோட்டில் தாள் இல்லை.
அது நகர்ந்து
அவருடைய பழைய ஹோண்டா வழக்கமாக நிற்கும் இடத்தில்
விரிந்து கிடந்தது.
நடுவில் ஒரு சொட்டு,
பத்துக் காசு அகலம், இன்னும் ஈரம்.

என் கார்க் கண்ணாடியில் ஒரு பை தொங்கியது.
சீ சியோங் ஃபன், சூடு ஆறவில்லை.

ஹோண்டாவுக்கு என்ன அளவு சீல் என்று
இனிமேல்தான் பார்க்க வேண்டும்.
இரண்டாக வாங்க வேண்டும்.