கடிதம் எழுத ஆளில்லை

புதுவயல் புறவழிச்சாலை,
பதினான்காவது கிலோமீட்டர், அறுநூற்று இருபதாவது மீட்டர்.
சீமைக்கருவேலம் வெட்டிய இடத்தில் ஒரு பள்ளம்.
பள்ளம் என்றுகூடச் சொல்ல முடியாது,
மாடு படுத்து எழுந்துபோன மாதிரி
செம்மண்ணில் ஒரு தாழ்வு.
அதற்கு நான் போட்டது
தொள்ளாயிரம் மில்லிமீட்டர் குழாய், இரண்டு.

முன்பு வேலை பார்த்த சாலைக்கு
வரைபடம் சென்னையிலிருந்து வரும்.
'உங்கள் படம் தப்பு' என்று எழுதுவோம்.
'உங்கள் கட்டுமானம் தப்பு' என்று பதில் வரும்.
இரண்டு தப்புக்கும் நடுவே
பாலம் பாதியில் நிற்கும், கம்பியை நீட்டிக்கொண்டு.
அதில் யாரோ கைலி காயப்போட்டிருப்பார்கள்.
நாலு வருஷத்தில்
கோப்பு மட்டும் வளர்ந்தது.

இது அப்படி இல்லை.
வரைவதும் கட்டுவதும் ஒரே ஒப்பந்தம்,
ஒரே தொகை, ஒரே கழுத்து.
துறை கொடுத்தது பதினெட்டுப் பக்கம்:
இவ்வளவு அகலம், இவ்வளவு வேகம்,
ஐம்பதாண்டு வெள்ளத்தைத் தாங்க வேண்டும்.
எப்படி என்பது எங்கள் பாடு.
ராத்திரி நான் கோடு போடுகிறேன்.
விடிந்தால் ஜேசிபி அந்தக் கோட்டின்மேல் நிற்கிறது.
சில நாள் கோட்டுக்கு முன்னாலேயே போய்
டீசல் நாற்றத்தோடு எனக்காகக் காத்திருக்கிறது.

போன வாரம் தண்ணீர் கேன் தேடி
பக்கத்து அரிசி ஆலைக்குப் போனேன்.
பின்சுவரில் ஒரு பழுப்புக் கோடு.
இடுப்பு உயரம்.
கோடு நெடுக உமி ஒட்டிக் காய்ந்திருந்தது.
லெவல் கருவியைத் தூக்கி வந்து வைத்துப் பார்த்தேன்.
என் குழாய்களின் உச்சி
அதற்கு ஒரு முழம் கீழே.

"இது எந்த வருஷத் தண்ணி?"
சாக்குத் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்:
"செல்லாயி மகளுக்குச் சடங்கு வச்ச வருஷம்.
கண்மாய் மறுகால் பாஞ்சா
இப்படித்தானே வரும்?"
செல்லாயி மகளை எந்த மென்பொருளில் ஏற்றுவது?
மழைமானி இருப்பது இருபது கிலோமீட்டர் தள்ளி.
அந்த ஏட்டில் தேடிப் பார்த்தேன்,
எந்த வருஷமும் இந்தச் சுவர் அளவுக்கு நனையவில்லை.

அன்றிரவு கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
'பெறுநர்' என்று தட்டி நிறுத்தினேன்.
துறைக்கு எழுதினால்
'வடிவமைப்பு உங்கள் பொறுப்பு, பிரிவு நாலு' என்பார்கள்.
சரிதான்.
கட்டுபவருக்கு எழுதலாம்.
கட்டுபவர் அடுத்த அறையில்
கொசுவத்தி கொளுத்திக்கொண்டிருக்கிறார்.
அவர் பதில் போட்டாலும்
இதே முத்திரையில்
இதே மேசைக்குத்தான் வரும்.

குழாயைத் தூக்கிவிட்டு மூன்று கண் பெட்டிப்பாலம்.
இருபத்தெட்டு லட்சம் கூடும்.
தொகையைப் பூட்டிக் கையெழுத்தாகி ஒரு வருஷம்,
மேலே ஒரு ரூபாய் கேட்க வழியில்லை.
சவரிமுத்து தேவகோட்டைக்காரர்,
காகிதம் இல்லாமல் கணக்குப் போடுவார்.
உமிக் கோட்டின் போட்டோவை
இரண்டு விரலால் பெரிதாக்கினார்.
"குழாய் நேத்தே வந்து இறங்கிருச்சேம்மா."
தெரியும். எண்ணி வாங்கியதே நான்தான்.

கொஞ்ச நேரம் இருவரும்
யாரைத் திட்டலாம் என்று யோசித்தோம்.
ஒருவரும் கிடைக்கவில்லை.

"ஏழு வருஷப் பராமரிப்பும் நம்மதுதான?"
"நம்மதுதான் சார்."
"அப்ப தண்ணி ஏறுனா
ரோட்ல நின்னு ஏச்சு வாங்குறதும்..."
முடிக்கவில்லை.
வத்திச் சாம்பலை ஊதிவிட்டு
சிமெண்ட் கடைக்குப் போன் போட்டார்.
எனக்கு நிம்மதியாக இல்லை, சொல்லப்போனால்.
இன்னும் எத்தனை சுவர்களை
நான் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லை?

திருத்திய படத்தில்
வரைந்தவர் கட்டத்தில் என் பெயர்,
கட்டுபவர் கட்டத்தில் அவர் பெயர்,
இரண்டையும் மிதித்துக்கொண்டு
ஒரே ரப்பர் முத்திரை, கொஞ்சம் கோணலாக.

குழாய்கள் இன்னும் சாலையோரம் கிடக்கின்றன.
ஒன்றுக்குள் நாய் குட்டி போட்டிருக்கிறது.
ஐப்பசி பாதி தாண்டிவிட்டது,
பெட்டிப்பாலத்துக்கு இன்னும் கம்பிதான் கட்டுகிறார்கள்.
மேற்கே வானம் கறுத்திருக்கிறது.
ஆலைப் புகையாகவும் இருக்கலாம்.