ஐந்தரை மணி நேரம்

ஞாயிறு மத்தியானம் அப்டேட் ஓட்டினார்கள்.
திரையில் வந்தது ஒரே வரி:
வெற்றி. இரண்டு வினாடி.
என்ன மாற்றினாய் என்று கேட்டால்
டேட்டாபேஸ் அதற்கு மேல் வாய் திறக்காது,
சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
ஒன்றுமே தின்னாத மாதிரி
உட்கார்ந்திருக்கிற பிள்ளைபோல.

திங்கட்கிழமை சாத்தாங்காடு யார்டில்
கவுன்ட்டர் கம்பிக்குள் ஒரு கை நீண்டது, டோக்கனோடு.
"இன்னா மேடம், ஏழு நாப்பதுன்னு போட்டுகிறீங்க?
சனி ராத்திரி ரெண்டு மணிக்கே வந்து நின்ட்டேன்.
அந்நேரம் டீக்கடையே தொறக்கல.
தோ பாரு, கொசு கடிச்ச தடிப்பு."

எட்டியப்பன். நாற்பதடி டிரெய்லர்.
ஞாயிறு மாலை ஐந்து இருபதுக்கு வெளியே போனவர்.
பன்னிரண்டு மணி நேரம் தாண்டி நின்றால்தான்
காத்திருப்புப் படி.
கொசுக்கடியை எந்த டேகுக்குள் எழுதுவது?

ஹென்றி சார் ஏற்கெனவே சொல்லியிருந்தார்:
எதற்கு ரோசலின் பழைய காப்பி, இடத்தை அடைக்குது.
அடைக்கட்டும் என்று
அப்டேட்டுக்கு முன்னால் ஒன்று எடுத்து வைத்திருந்தேன்.
பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

பதினோராயிரத்துச் சொச்சம் வித்தியாசம்.
பாதி, வெறும் இடைவெளி.
யாரோ வரிகளை உள்ளே தள்ளி அழகு பார்த்திருக்கிறார்கள்.
மீதியில் பெரும்பாலும் வரிசை மாறியவை:
வண்டி எண் முன்னால் இருந்தது பின்னால்,
ஓட்டுநர் பெயர் பின்னால் இருந்தது முன்னால்.
லுங்கியை முதலில் கட்டினாலென்ன
சட்டையை முதலில் போட்டாலென்ன,
ஆள் அதே ஆள்.
அதையெல்லாம் வடிகட்டினேன்.
கொருக்குப்பேட்டை கேட் மாதிரி
திறக்காமலே கிடந்தது திரை.

கடைசியில் தங்கியது இதுதான்.
உள்நுழைவு நேரத்தின் வாலில்
+5:30 என்று ஒரு துண்டு இருந்தது. இப்போது இல்லை.
வாலில்லாத நேரத்தைப் பார்த்த புது நிரல்
இது சீமை நேரம் என்று முடிவு பண்ணி,
நம் ஊருக்கு மாற்றித் தருகிறேனென்று
ஐந்தரை மணி நேரம் கூட்டியிருக்கிறது.

போய்ச் சேர்ந்துவிட்ட வண்டிகளுக்கு
உள்ளே வந்ததும் வெளியே போனதும்
சேர்ந்தே நகர்ந்ததால் கணக்கு இடிக்கவில்லை.
அந்த இரண்டு வினாடியில்
யார்டுக்குள் நின்றவர்களுக்குத்தான்.
நாற்பத்து மூன்று பேர்.
எண்ணூர் சாலைப் புழுதியில் ஆளுக்கு ஐந்தரை மணி,
டயர் ஓரம் தூங்கியது, தூங்காதது, எல்லாம்
நடக்கவே இல்லை.

ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதினேன்.
பக்கத்திலேயே தனிக் கோப்பில்:
முன்பு என்ன, இப்போது என்ன, எப்போது, யார்.
'யார்' என்ற இடத்தில்
நாற்பத்து மூன்று தடவை என் பெயர்.
நாளைக்கு எவனாவது கேட்டால்
நான்தான் நேரத்தை மாற்றியவள்.

எட்டியப்பன் நோட்டை எண்ணாமல்
சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு போனார்.

மஸ்தான் மட்டும் வரவில்லை.
படி இல்லை என்ற சீட்டில் ஞாயிறே கையெழுத்துப் போட்டு
சூலூர்ப்பேட்டை தாண்டிவிட்டார். போன் எடுக்கவில்லை.
அவர் பணத்தை ஒரு கவரில் போட்டு ஒட்டினேன்.
மேலே பெயர், வண்டி எண், தேதி, மணி.
மூடியைப் போட்ட பேனாவைத் திரும்பத் திறந்து
மணிக்குப் பக்கத்தில் எழுதினேன்:
+5:30.