மோப்பம்

கொரடாச்சேரி தாண்டி வெட்டாற்றுக் கரையில்
பனிக்குள் வண்டியை நிறுத்தினேன்.
"கன்னுக்குட்டி கழியுதுங்க டாக்டர்,
மஞ்சளா, தண்ணியா, கோழை கலந்து"
என்று போனில் அழுதவள் அபூர்வம்.

ஒன்பது நாள் கிடேரி.
கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு...
மடிப்பு மடிப்பாகவே நின்றது.
வாய்க்குள் விரல் வைத்தால்
மார்கழி மணல் போல ஜில்லென்றிருந்தது.

சீம்பால் எப்போது கொடுத்தாய்?
"நஞ்சுக்கொடி விழுந்தப்புறம். அதானே வழக்கம்."
நான் திட்டவில்லை.
திட்டிய வீடுகள் மறுமுறை கூப்பிடுவதில்லை.

கொட்டகை மூங்கிலில் பாட்டிலைக் கட்டிச்
சொட்டு எண்ணினேன்.
உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ், வெந்நீர்,
இரண்டு மணிக்கொரு தரம்,
தாயிடமிருந்து தள்ளிக் கட்டு என்று
சினை ஊசிக் கார்டின் பின்புறம் எழுதினேன்.
கழிச்சல் ஒரு டப்பாவில்,
மீன்கார ரபீக் கொடுத்த ஐஸில்,
ஒரத்தநாட்டுக்கு பஸ் ஏறியது.

ஐந்தாம் நாள் முடிவு வந்தது.
வைரஸ் கழிச்சல் என்று மட்டும் சொல்லியிருக்கலாம்.
கொரோனா என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சொசைட்டியில் அவள் கேனை வாங்கவில்லை.
எதிர்வீட்டுக்காரர் எங்கிருந்தோ
பழைய மாஸ்க் ஒன்றைத் தேடி மாட்டியிருந்தார்.
செயலாளர் கலியமூர்த்தியிடம் போனேன்:
இது மாட்டுக்கு வருவது.
பெரிய மாட்டைப் பிடித்தால்
சாணம் கறுத்து ரத்தம் கலக்கும், பால் வற்றும்,
பெரும்பாலும் தேறிவிடும்.
நம்மைப் பிடித்தது வேறு.
உம் பங்காளி செய்த கொலைக்கு
உம்மைப் பிடித்துப்போனால் ஒப்புவீரா?
அவர் கொஞ்சநேரம் கேனையே பார்த்தார்.
பங்காளி வழக்கு அவருக்கும் இருந்தது.
அளவைக்கோலை எடுத்தார்.

அபூர்வம் எதுவும் கேட்கவில்லை.
எழுந்து நிற்கப் பழகும் கன்றின் முதுகில்
சாக்கை இழுத்துவிட்டபடி இருந்தாள்.
பிறகு சொன்னாள்:
"அவருக்கு மூணாம் நாளே வாசம் போயிருச்சு.
கறிவேப்பிலையைக் கசக்கி மூக்குல வச்சேன்,
ஒண்ணும் தெரியலன்னாரு.
அப்புறம் திருவாரூருக்கு ஏத்திக்கிட்டுப் போனாங்க.
இதுக்கும் போயிருக்குமா டாக்டர்?
போயிருந்தா ஆத்தாவை எப்படிக் கண்டுபிடிக்கும்?"

நான் படித்ததில் அதற்கொரு பக்கம் இல்லை.
தெரியவில்லை என்றேன்.

இன்னும் சில நாள் அவிழ்க்கக்கூடாது.
எழுதிக் கொடுத்தவளே அவிழ்த்தேன்.

வைக்கோலை மோந்தது.
என் பூட்ஸை மோந்தது.
பக்கத்தில் நின்ற சிவலையிடம் போய்
ஒரு முட்டு வாங்கிக்கொண்டு திரும்பியது.
கொட்டகைக் கோடியில் தாய்,
கயிறு விறைக்க.

அது குரல் கொடுத்துவிடாமல்
அபூர்வம்
இரண்டு கையாலும் அதன் வாயைப் பொத்திக்கொண்டாள்.