தரைப்பலகைக்கு அடியில்

பதினேழாம் நாள்.
மார்க்கெசஸ் தீவுகளுக்கு இன்னும் அறுநூறு மைல்.
உருளைக்கிழங்கு வேக
கடல் ஒரு கோப்பை, நல்ல தண்ணீர் இரண்டு.
பல் துலக்க அரை டம்ளர், துப்புவதில்லை.

யெரெ கால்பம்பை மிதிப்பதைப்
படுக்கையில் கிடந்தபடியே எண்ணுவேன்.
டீக்கு நான்கு மிதி போதும்.
நேற்றிரவு ஒன்பது.
ஏன் ஒன்பது என்றேன்.
பதில் சொல்லாமல் மேலே போய்
கட்டியிருந்த பாய்க்கயிற்றை அவிழ்த்து
மறுபடி கட்டினான்.

விடியலில் பலகையைத் தூக்கினால்
டார்ச் வெளிச்சத்தில் ஆடுகிறது தண்ணீர்,
கணுக்கால் ஆழம்.
உப்பென்றால் படகில் ஓட்டை.
உப்பில்லை என்றால்

விரலை முக்கி நாக்கில் வைத்தான்.
"இனிக்குது, மிர்னா."
சாவுச் செய்தி சொல்கிற குரல்.

தொட்டியின் அடித்தையல் விட்டிருந்தது.
நேற்று அவன் மிதித்ததெல்லாம் காற்று.

இனி பதினோரு புட்டி, மழை வந்தால் மழை.
அவனிடம் மன்னிப்புக் கேட்க
வாய் காய்ந்திருந்தது, அல்லது
அப்படிச் சொல்லிக்கொண்டேன்.

டீசல் மணக்கும் அந்தத் தண்ணீரைக்
கடலுக்குக் கொடுக்க இருவருக்கும் மனமில்லை.
பஞ்சால் ஒற்றி வாளியில் பிழிந்து
என் தலையில் ஊற்றினான்.
பதினேழு நாள் உப்பு
கண்ணுக்குள் இறங்கி எரிந்தது.
வாயை மட்டும்
இறுக மூடிக்கொண்டிருந்தேன்.