நூற்று ஐம்பதாவது நாள்

மளிகைக்கடை நாட்காட்டியில்
இரண்டு தேதிக்கு வட்டம் போட்டிருக்கிறேன்.
ஒன்று கறுப்பிக்கு, ஒன்று சுட்டிக்கு.
சுங்கை பாக்காப்பிலிருந்து கிடா வந்து நின்றதிலிருந்து
விரல்விட்டு எண்ணிய நூற்று ஐம்பது.

மூன்றாவதுக்கு வட்டமில்லை, பெயரும் இல்லை.
அது கிடாவை முட்டிவிட்டுச் செம்பனைக்குள் ஓடியது.
"இதுக்கு சினை நிக்காது" என்றார் குணசீலன்.
அதற்கு இன்னொரு சொல் இருக்கிறது;
இந்த வீட்டில் யாரும் அதை உரக்கச் சொல்வதில்லை.
வெள்ளிக்கிழமை காலை
கறிக்கடை ஹனிஃபா வண்டி கொண்டுவருவார்.
முன்பணம் இருநூறு ரிங்கிட்
சீனி டப்பாவில்.

கொட்டகைத் தரை பலகை.
பலகைக்கும் பலகைக்கும் இரண்டு விரல் இடைவெளி:
புழுக்கை விழ அது போதும்.
பிறந்த குட்டியின் கால் சிக்கவும் போதும்.
போன வருடம் ஒன்றுக்கு முன்னங்கால் போனது.
பெரிய சத்தமில்லை,
காய்ந்த ஈர்க்கு ஒடிகிற மாதிரி.
அதனால் இந்த முறை முதலில் தரை.
ஒட்டுப்பலகை இரண்டு, மேலே கோணிச்சாக்கு,
அதற்கும் மேலே சுங்கை ஆச்சே வயலில்
கேட்டு வாங்கிய வைக்கோல்.
மரத்தூள் கூடாது, ஈர மூக்கில் ஒட்டும்.

அயோடின் ஒரு புட்டி.
தொப்புள் கட்ட நூல், புது பிளேடு.
பழைய துண்டு நாலு
(ஒன்றில் பத்து பெரிங்கி ஹோட்டல் பெயர், கேட்காதீர்கள்).
ஈன்ற களைப்புக்கு வெந்நீரில் கரைக்க
குலா மெலாக்கா இரண்டு வட்டு.

நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன்.
பத்து காவான் ஃபேக்டரியில் என்னை எடுத்ததே
இந்தக் கையைப் பார்த்துத்தான். சின்னக் கை.
மயிரைவிட மெல்லிய கம்பியை
பூதக்கண்ணாடிக்குக் கீழே உட்கார வைக்கும்.
முழங்கை வரை தேய்த்துக் கழுவத் தெரியும்,
வெள்ளை அங்கிக்குள் மூச்சை அளந்து விடத் தெரியும்.
கால் மடங்கி வரும் குட்டியை
உள்ளே தள்ளி, தடவி, நேராக்கி எடுக்க
நிபோங் திபாலில் இதைவிட நல்ல கருவி கிடையாது
என்று கொஞ்சம் கர்வம்தான் எனக்கு.

இரவு வேலையை நோரைனி எடுத்துக்கொண்டாள்.
"ஆட்டுக்கா லீவு?" என்று சிரித்தாள்.
அவளுக்கு ஏழு மாதம்.
எப்படியும் ராத்திரியில் தூக்கம் வருவதில்லையாம்.

ஆறு மணிக்குக் கறுப்பியின் வாலடியில் விரல் வைத்தேன்.
இரு பக்கமும் பென்சில் போலிருந்த நரம்பு
இளகியிருக்கிறது. ஆனால் இருக்கிறது.
அது விரலுக்கு அகப்படாமல் போகும் நாள்தான் நாள்.
சுட்டியின் மடி இறுகி மினுங்குகிறது.
கிரியான் ஆற்றுப் பக்கம் மின்னல்.
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
ஒன்பது, பத்து. மழை வந்து போனது.
ஒரு மணிக்குச் சரக்கு ரயில் வடக்கே போனது.
இரண்டும் அசைபோட்டபடி என்னைப் பார்த்தன,
நான்தான் ஏதோ ஈனப்போகிறேன் என்பதுபோல.

அப்புறம் ஒரு தும்மல்.

கொட்டகையில் இல்லை. பின்னால்,
சாக்கடை ஓரம், மோட்டார் சைக்கிளை மூடிய
நீலத் தார்ப்பாய்க்குக் கீழே.
டார்ச்சைத் திருப்பினால்
பெயரில்லாதவள் நின்று நக்கிக்கொண்டிருக்கிறாள்.
சேற்றில் ஒரு குட்டி, நெற்றியில் ஆவி.
நான் பார்க்கப் பார்க்க இன்னொன்று வழுக்கி விழுந்தது,
குளம்பு இரண்டும் முன்னால், மூக்கு அதன் மேல்,
எந்தக் கையும் திருத்தத் தேவையில்லாத வரிசையில்.
அங்கே ஒரு துரும்பு வைக்கோல் இல்லை.
துண்டை நீட்டினேன். முட்டினாள்.
அயோடின் தொட்டுவைக்க மட்டும் விட்டாள்,
அதுவும் இரண்டாவது தடவை கேட்டபோது.

குணசீலன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து
டார்ச்சை வாங்கிப் பிடித்தார்.
ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
சீம்பால் தேடி முட்டி முட்டி
ஒரு குட்டி காம்பைக் கண்டுபிடித்த பிறகு
"பேரு வைக்கணும்" என்றார்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

விடிந்தபோது கறுப்பியும் சுட்டியும்
விரித்த படுக்கையில் பாதியைத் தின்றிருந்தன.
ஹனிஃபாவுக்குப் போன் போடுமுன்
சீனி டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன்.
நூற்று எண்பது.
இருபது, அயோடினுக்கு.